அல்குர்ஆன் கேட்ட கைதிகள்

மெல்கம் எக்ஸ் சிறையிலிருந்தபோது இஸ்லாத்தின் பக்கம் திரும்பிய கதை நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில், விடுதியில் நாங்கள் நான்கைந்து பேர் அவரது சுயசரிதையை முறைவைத்து வாசித்தோம். அகராதியை முதற் பக்கத்திலிருந்து பார்த்தெழுதிச் சொற்களைக் கற்ற அந்த இளைஞனை நினைத்து வியந்தோம். ஆனால் 1952இல் மெல்கம் விடுதலையாகி வெளியே வந்த பின்னர், சிறைகளுக்குள் எஞ்சியிருந்த கறுப்பின முஸ்லிம்கள் என்ன செய்தார்கள் என்பது நம்மிடையே அதிகம் பேசப்படாத கதை.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். அல்குர்ஆன் பிரதியொன்றை வாங்க அனுமதி கேட்டும், கூடித் தொழ ஓர் இடம் கேட்டும், தனிச்சிறையில் இருந்தபடியே கையால் மனு எழுதி நீதிமன்றங்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கச் சிறைச்சாலைகளின் கதவைச் சட்டத்துக்குத் திறந்துவிட்டவை பெருமளவில் அந்த மனுக்களே என்பது என் துணிபு. அந்நாட்டுச் சட்ட வரலாற்றை எழுதியவர்கள் பலரும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள்.

அந்தக் கதவு எவ்வளவு இறுக மூடியிருந்தது என்பதை அறிய 1871ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். வேர்ஜினியா மாநிலம் தன் கைதிகளைப் புகையிரதப் பாதை அமைக்கும் ஒப்பந்தக்காரர்களுக்குக் கூலிக்கு விட்டிருந்தது. அப்படி வேலைக்கு அனுப்பப்பட்ட ரஃபின் என்ற கைதி, காவலாளி ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். சம்பவம் நடந்த பகுதியில் விசாரிக்காமல் தலைநகர் ரிச்மண்டில் தன்னை விசாரித்தது அரசியலமைப்புக்கு முரண் என்று அவர் வாதிட்டார். மாநில நீதிமன்றம் அதை நிராகரித்தது. தண்டனைக் காலம் முடியும்வரை கைதி அரசின் அடிமை, சட்டத்தின் பார்வையில் அவன் இறந்தவனுக்குச் சமம் என்பது அதன் நிலைப்பாடு. அடிமைத்தனம் 1865இல் ஒழிக்கப்பட்டுவிட்டது என்று பாடப்புத்தகத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒழித்த அந்தப் பதின்மூன்றாம் திருத்தத்திலேயே, குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் அடிமைத்தனத்துக்கு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த வரியையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

அதே 1871இல் அமெரிக்கக் காங்கிரஸ் இன்னொன்றையும் செய்தது. கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் கொலைவெறியை அடக்கவென ஒரு சட்டம் இயற்றியது. மாநில அதிகாரத்தின் பெயரால் எவரேனும் ஒருவரது அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால், பாதிக்கப்பட்டவர் மத்திய நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடரலாம் என்றது அதன் ஒரு பிரிவு. தொண்ணூறு ஆண்டுகள் அந்தப் பிரிவு ஏட்டில் உறங்கியது எனலாம். சிகாகோ பொலிஸார் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை உடைத்துப் புகுந்த வழக்கில், 1961இல் உயர் நீதிமன்றம் அதை உலுப்பி எழுப்பியது. சிறைக்குள் இருந்தவர்களின் காதுக்கும் அந்தச் செய்தி போயிற்று.

அதுவரை நீதிபதிகள் கடைப்பிடித்த வழக்கம் எளிமையானது. சிறைக்குள் நடப்பது சிறை அத்தியட்சகரின் பாடு, அதில் நீதிமன்றம் கைவைப்பதில்லை. எவ்வளவு காலம் இருட்டறையில் அடைப்பது, எந்தக் கடிதத்தைக் கிழிப்பது, எந்தப் புத்தகத்தைத் தடுப்பது என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். அவருடைய தீர்மானத்துக்கு மேல் முறையீடு இல்லை.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்தக் கைதிகள் சேர்ந்திருந்த ‘நேஷன் ஒஃப் இஸ்லாம்’ அமைப்பின் கொள்கைகள் நமது அகீதாவோடு ஒத்துப்போகாதவை. அதன் தலைவர் எலைஜா முஹம்மதைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த நம்பிக்கையும், வெள்ளையரைப் பற்றிய போதனையும் எந்த மத்ஹபிலும் அடங்காதவை. மெல்கம் எக்ஸே 1964இல் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியபோது வேறு மனிதராகத் திரும்பினார். 1975இல் எலைஜா முஹம்மத் மறைந்த பின்னர் அவரது மகன் வாரித் தீன் முஹம்மத், இயக்கத்தவரில் பெரும்பாலானோரைச் சுன்னத் வல் ஜமாஅத்தின் பக்கம் அழைத்துவந்தார். எனினும் ஐம்பதுகளின் சிறையில் ஒரு கறுப்பின இளைஞன் பன்றி இறைச்சியை ஒதுக்கிவைத்து, போதையை விட்டு, ஒருவனாகிய இறைவனை வணங்குகிறேன் என்று சொன்னபோது அவன் கையில் கிடைத்த இஸ்லாம் அதுதான். அந்த அளவுக்கே சிறை அதிகாரிகள் அவனைக் கண்டு பயந்தார்கள்.

நியூயோர்க் மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லைக்கு அருகே டனமோரா என்ற ஊரில் கிளின்ரன் சிறைச்சாலை இருக்கிறது. குளிரின் கடுமையால் கைதிகள் அதைச் ‘சின்னச் சைபீரியா’ என்பார்கள். அங்கிருந்த ஜேம்ஸ் பியர்ஸ், மார்ட்டின் சோஸ்ட்ரே, வில்லியம் ஸமாரியன் ஆகியோர், அல்குர்ஆன் வாங்கத் தம்மை அனுமதிக்கவில்லை என்றும், மார்க்க வழிகாட்டியோடு தொடர்புகொள்ள விடவில்லை என்றும், தம் நம்பிக்கைக்காகவே தனிச்சிறையில் போட்டார்கள் என்றும் முறையிட்டார்கள். கைதியின் மதச் சுதந்திரம் பற்றிய முறைப்பாட்டை மத்திய நீதிமன்றம் கேட்கத்தான் வேண்டும் என்று 1961இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.

அடுத்த ஆண்டு, தலைநகர் வொஷிங்ரனின் கைதிகளை அந்நாளில் அடைத்துவந்த லோர்ட்டன் சிறையிலிருந்து வில்லியம் ஃபுல்வுட் என்பவரின் வழக்கு வந்தது. சிறை வளவில் பிரசங்கம் செய்தாரென்று அவரை ஆண்டுக்கணக்கில் ஏனையோரிடமிருந்து பிரித்து வைத்திருந்தார்கள். வழக்கைக் கேட்டவர் பர்னிற்றா மத்தியூஸ். அமெரிக்க மத்திய மாவட்ட நீதிமன்றங்களில் அமர்ந்த முதற் பெண் நீதிபதி. இது மதமே அல்ல என்று சிறை நிர்வாகம் சொல்லிப்பார்த்தது. இறைவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறார்கள், அது போதும், அந்தப் போதனை நல்லதா கெட்டதா என்று எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று அவர் விட்டுவிட்டார். பிற சமயத்தவருக்குப் பொதுப் பணத்தில் சமயப் பதக்கம் வாங்கிக் கொடுத்துவிட்டு, முஸ்லிம்களுக்கு மட்டும் மறுக்க முடியாது என்றும் தீர்ப்பில் சொன்னார்.

1962 ஒக்டோபரில் பஃபலோ நகர நீதிமன்றத்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. அட்டிக்கா சிறையிலிருந்து ஸமாரியன் தொடர்ந்த வழக்கில், இது மதந்தான் என்று நிரூபிக்க, நிபுணத்துவ சாட்சியாகக் கூண்டில் ஏறியவர் மெல்கம் எக்ஸ். ஒரு காலத்தில் தானும் கைதியாக இருந்தவர், கிப்லாவை நோக்கிய சிறைக்கூடம் கேட்டு 1950இல் பத்திரிகையில் செய்தியானவர், இப்போது இஸ்லாம் என்றால் என்னவென்று நீதிபதிக்கு விளக்கினார். ‘நீ முஸ்லிமா இல்லையா’ என்று ஒருவரையொருவர் குறுக்கு விசாரணை செய்து பள்ளிவாசல்களைப் பிரித்துக்கொண்ட நாம், அந்தக் காட்சியைச் சற்று நிதானித்து மனக்கண்ணில் பார்ப்பது நல்லது.

இப்போது தோமஸ் கூப்பரிடம் வருவோம். இலினொய் மாநிலத்தில் ஜோலியட் நகருக்கு அருகேயிருந்தது ஸ்ரேற்வில் சிறை. நடுவில் நிற்கும் ஒரு காவற்கோபுரத்திலிருந்து சுற்றிவர உள்ள அத்தனை அறைகளையும் பார்க்கக்கூடியதாக வட்ட வடிவில் கட்டிய சிறைக்கூடம் அதன் அடையாளமாக இருந்தது. அந்த வட்டக் கூடத்தை 2016இல்தான் மூடினார்கள். கால் நூற்றாண்டு அச்சிறையை ஆண்ட ஜோசஃப் ரேகன் என்ற அத்தியட்சகரின் சொல்லே அங்கு சட்டம். அவருக்குப் பின் வந்தவர் ஃபிராங் பேற். கொலைக் குற்றத்துக்காக 1953இல் தண்டிக்கப்பட்டு அங்கு வந்த கூப்பர் இயக்கத்தில் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் தனிப்படுத்தப்பட்ட பகுதியில் அடைபட்டுக் கிடந்தார். அல்குர்ஆன் கேட்டார். கிடைக்கவில்லை. ஏனைய சமயத்தவருக்கு வேதநூலும் உண்டு, மதகுருவும் உண்டு, ஆராதனையும் உண்டு. 1962இல் அவர் தன் கையால் எழுதிய மனுவை அனுப்பினார்.

மாவட்ட நீதிமன்றம் விசாரியாமலே தள்ளியது. மேன்முறையீட்டிலும் தோற்றார். கறுப்பின முஸ்லிம் இயக்கம் மதப் போர்வைக்குள் இயங்கும் வேறொன்று என்பதைச் சமூக ஆய்வுகள் காட்டுகின்றன என்று சொல்லி, சாட்சியம் எதுவுமின்றியே மேன்முறையீட்டு நீதிமன்றம் கதையை முடித்தது. பின்னர் 1964 ஜூன் 22ஆம் திகதி, மெல்கம் ஹஜ்ஜுக்குச் சென்று இரண்டு மாதங்கள் கழிந்த நிலையில், அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த நீதிபதியின் பெயரும் இல்லாத ஒரேயொரு சிறு பந்தி. தன் மத நம்பிக்கை காரணமாக மட்டுமே நூல்களும் சலுகைகளும் மறுக்கப்பட்டதாகக் கைதி சொல்கிறார், அது உண்மையாயின் அவருக்கு வழக்கிருக்கிறது, எனவே விசாரியுங்கள். அவ்வளவுதான். எத்தனையோ நீண்ட தீர்ப்புகள் செய்யாத வேலையை அந்த ஒரு பந்தி செய்தது. 1871இன் சட்டம் சிறைக் கைதிக்கும் உரியது என்பது அன்று உறுதியாயிற்று. அரசின் அடிமை எனப்பட்டவன் அத்தியட்சகரைப் பிரதிவாதிக் கூண்டில் நிறுத்தலாம் என்றாயிற்று.

இந்தக் கதையைப் பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஒருவன், “அவர் கொலை செய்தவர்தானே சேர்?” என்று கேட்டான். ஆம், அவன் கேட்டது நியாயமான கேள்வி. கொலைக்குத் தண்டனை சிறை. வேதநூலைப் பறிப்பதும், கேட்ட குற்றத்துக்காகத் தனியே அடைப்பதும் எந்த நீதிபதியும் விதித்த தண்டனை அல்ல. அதை அத்தியட்சகர் தானாகச் சேர்த்தது. அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவன் முகத்தைப் பார்த்தபோது முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதே.

வழக்கு ஸ்ரேற்விலுக்குத் திரும்பி, 1965இல் விசாரணை நடந்தது. அல்குர்ஆன் வைத்திருக்கலாம், மார்க்க அறிஞரோடு கடிதம் எழுதலாம், கூடி வணங்கலாம் என்று தீர்ப்பாயிற்று. 1967இல் மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஆனால் கூப்பரைத் தனிப்படுத்தி வைத்திருப்பது ஒழுங்கு மீறலுக்காக என்ற நிர்வாகத்தின் வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எல்லாருக்கும் அல்குர்ஆனை வென்று கொடுத்தவர், தனக்கு அந்த அறையிலிருந்து விடுதலையை வெல்லவில்லை.

திறந்த கதவினூடாகப் பிறகு யார் யாரோ வந்தார்கள். சக கைதிகளுக்கு மனு எழுதிக்கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ரெனஸி மாநிலக் கைதியொருவர் 1969இல் வென்றார். ரெக்சாஸ் சிறையில் ஃபிரெட் குரூஸ் என்பவர் பௌத்த நூல்களைச் சக கைதிகளுக்குக் கொடுத்தாரென்று தனிச்சிறையில் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துப் போட்டிருந்தார்கள். 1972இல் உயர் நீதிமன்றம் பௌத்தருக்கும் தம் சமயத்தைப் பின்பற்ற நியாயமான வாய்ப்பு வேண்டும் என்றபோது முன்னுதாரணமாகக் காட்டியது கூப்பரின் வழக்கை. முஸ்லிம் கைதி திறந்த வாசலால் ஒரு பௌத்தக் கைதி நுழைந்தார் என்ற செய்தி, நம் நாட்டு வாசகருக்குச் சற்று வேறு விதமாகக் கேட்கக்கூடும். 1974இல் நெப்ராஸ்கா வழக்கொன்றில், நன்னடத்தைக் கழிவைப் பறிப்பதற்கு முன் எழுத்து மூலம் குற்றச்சாட்டும், இருபத்துநான்கு மணிநேர அவகாசமும், தீர்மானத்துக்கு எழுத்து மூலம் காரணமும் கொடுக்கவேண்டும் என்றாயிற்று. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் தண்டனை அறைகளில் சன்னலில்லை. எட்டடிக்குப் பத்தடி அறையில் சராசரி நான்கு பேர். இறைச்சி, உருளைக்கிழங்கு, மாஜரீன், பாணி எல்லாவற்றையும் பிசைந்து சுட்ட ஒரு கட்டிதான் சாப்பாடு. நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவு. அந்த அறையில் முப்பது நாட்களுக்கு மேல் அடைக்கக்கூடாது என்ற கட்டளையை 1978இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவர்கள் எல்லாரிலும் என்னை அதிகம் ஈர்த்தவர், முன்னே கிளின்ரன் சிறையில் ஒரு பெயராக மட்டும் வந்துபோன மார்ட்டின் சோஸ்ட்ரே. 1923இல் நியூயோர்க்கின் ஹார்லத்தில் புவேர்ட்டோ ரிக்கோப் பெற்றோருக்குப் பிறந்தவர். போதைப்பொருள் வழக்கில் 1952இல் சிறை சென்று பன்னிரண்டு ஆண்டுகளை முழுதாகக் கழித்தார். அதில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனிச்சிறை. பாடசாலையை இடையில் விட்டவர் உள்ளேயே சட்டம் படித்தார். 1964இல் வெளியே வந்து பஃபலோவில் ஆபிரிக்க ஆசிய நூல்கள் விற்கும் புத்தகக் கடையொன்றைத் திறந்தார். 1967 கோடையில் அங்கு கலவரம் வெடித்தது. சில நாட்களில், ஹெரோயின் விற்றார் என்று அவரைப் பிடித்தார்கள். நாற்பது ஆண்டளவுக்கு நீளக்கூடிய தண்டனை. முக்கிய சாட்சி தான் சொன்னது பொய்யென்று பின்னாளில் ஒப்புக்கொண்டது வேறு கதை.

கிறீன் ஹேவன் சிறையில், தன்னோடு குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணுக்காகச் சட்டப் பத்திரங்களை எழுதி அனுப்ப முயன்றார், சட்டத்தரணிக்கு எழுதிய கடிதத்தைத் தணிக்கை செய்ததற்காக வழக்குப் போடுவேன் என்றார். 1968 ஜூன் 25இல் தனிச்சிறையில் போட்டார்கள். வெளியே விட்டது அடுத்த ஆண்டு ஜூலை 2இல், அதுவும் நீதிமன்றக் கட்டளையின் பேரில். 372 நாட்கள். ஒரு ஹிஜ்ரி ஆண்டை விடப் பதினெட்டு நாட்கள் கூடுதல். வாரத்துக்கு ஒரு முறை சுடுநீரில் குளிக்கலாம். நூலகம் இல்லை, வேலை இல்லை. நாளுக்கு ஒரு மணிநேரம் வெளிக்காற்று உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் முற்றாக ஆடை களைந்து உடலின் உட்புறம்வரை சோதனைக்கு இணங்கவேண்டும். சோஸ்ட்ரே இணங்கவில்லை. அந்த ஒரு மணிநேரத்தையும் இழந்தார்.

வழக்கைக் கேட்டவர் கொன்ஸ்ரன்ஸ் பேக்கர் மொட்லி, மத்திய நீதிபதியாக நியமனம் பெற்ற முதற் கறுப்பினப் பெண். பாடசாலைகளில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கப் போராடிய சட்டத்தரணி. 1970 மே மாதத்தில் தீர்ப்பளித்தார். இந்தக் கைதியை அடைத்தது பெரிய ஒழுங்கு மீறலுக்காக அல்ல என்றும், அவருடைய சட்டப் போராட்டத்துக்காகவும், முந்திய சிறைவாசத்தில் கறுப்பின முஸ்லிம்களுக்காக வழக்காடியதற்காகவும் என்றும் கண்டார். நட்டஈடு நாளுக்கு 25 டொலர், அதற்கு மேல் தண்டமாக நாளுக்கு 10 டொலர், மொத்தம் 13,020 டொலர். அத்தோடு நிற்கவில்லை. தனிச்சிறை எவ்வளவு பெரிய குற்றத்துக்கும் பதினைந்து நாட்களைத் தாண்டக்கூடாது என்றார்.

இந்தக் காலத்தில் சோஸ்ட்ரே இயக்கத்தை விட்டு விலகி வேறு அரசியற் சிந்தனைக்குப் போயிருந்தார். அதற்காக அவரை நம் கணக்கிலிருந்து வெட்டிவிட எனக்கு மனமில்லை. அல்குர்ஆனுக்காக எழுதத் தொடங்கிய கைதான் தன் உடலுக்காகவும் எழுதியது.

1971 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் பாதியைக் கழித்தது. 9,300 டொலர் நிலைத்தது, தண்டத் தொகை 3,720 போயிற்று. நீண்ட தனிச்சிறை தன்னளவில் கொடூரத் தண்டனை ஆகாது என்று பதினைந்து நாள் வரம்பையும் எடுத்துவிட்டது. ஏழு மாதங்கள் ஆகுமுன் அட்டிக்கா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் மதச் சுதந்திரமும் ஒன்று. பணயமாகப் பிடிபட்ட காவலர்களைச் சுற்றி நின்று மற்றவர்கள் தாக்கிவிடாமல் காத்தவர்கள் முஸ்லிம் கைதிகள். செப்டெம்பர் 13இல் அரசு துப்பாக்கியோடு நுழைந்தது. அந்தக் கிளர்ச்சியில் இறந்தவர்கள் மொத்தம் 43 பேர்.

பிற்காலத்தில் நீதிமன்றங்கள் மெல்லப் பின்வாங்கின. சிறைக்கு வெளியே வேலைக்குப் போகும் நியூஜேர்ஸி முஸ்லிம் கைதிகள் ஜும்ஆவுக்குத் திரும்பிவர அனுமதி கேட்டு 1987இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். வேறு சமயக் கடமைகளுக்கு இடங்கொடுக்கிறார்களே என்றது பெரும்பான்மை. ஞாயிறு ஆராதனையை இழந்த கத்தோலிக்கருக்கு அப்படி ஆறுதல் சொல்ல முடியுமா என்று கேட்ட நீதிபதி பிரெனன் சிறுபான்மையில் நின்றார். 1996இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம், ஏழைக் கைதியும் வழக்குக் கட்டணத்தைத் தவணையாகவேனும் செலுத்த வேண்டும், முதலில் சிறையின் முறைப்பாட்டுப் படிகளெல்லாம் ஏறி இறங்க வேண்டும் என்று கட்டிவைத்தது. இடையில் 2000இல் வந்த இன்னொரு சட்டம் மத உரிமைக்கு மட்டும் ஒரு தனிப் பாதுகாப்புத் தந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஆயுட் தண்டனைக் கைதியான அப்துல் மாலிக் முஹம்மத், பதிவேட்டில் கிரெகரி ஹோல்ட், அரை அங்குலத் தாடிக்காக ஆர்கன்சாஸிலிருந்து கையெழுத்து மனுவை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். தோல் நோய்க்குக் கால் அங்குலம் அனுமதித்த சிறை, மார்க்கத்துக்கு அரை அங்குலம் மறுத்தது, அதற்குள் ஆயுதம் ஒளிக்கலாமாம். 2015 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் நின்றார்கள்.

சோஸ்ட்ரேயின் தண்டனையை 1975 டிசம்பரில் நியூயோர்க் ஆளுநர் குறைக்க, அடுத்த ஆண்டு அவர் வெளியே வந்தார். 2015 ஓகஸ்டில், தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து பதினைந்து நாட்களுக்கு மேற்பட்ட தனிச்சிறையைத் தடைசெய்கின்றன. அவரை அடைத்துவைத்த நியூயோர்க் மாநிலமும் அதே பதினைந்து நாட்களைச் சட்டமாக்கியது. மொட்லியின் தீர்ப்பு கழிக்கப்பட்டு ஐம்பத்தொரு ஆண்டுகள் சென்று, 2022 மார்ச்சில் அது அமுலுக்கு வந்தது. 2025 பெப்ரவரியில் அம்மாநிலச் சிறைக் காவலர்கள் வேலையைப் புறக்கணித்து மூன்று வாரங்கள் வெளியே நின்றார்கள். அந்தச் சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவர்களது முக்கிய கோரிக்கைகளில் ஒன்று. அதன் சில பகுதிகளை அரசு தற்காலிகமாக நிறுத்தியும் வைத்தது.